பழைய பாகமும் மூன்றாம் ஆளும்

சென்னைப் புதுப்பேட்டையின் சந்துகளில் நடந்தவர்களுக்குத் தெரியும், ஓடி ஓய்ந்த கார் அங்கே வீணாவதில்லை. கதவு, விளக்கு, கியர்பெட்டி என்று பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வேறொரு வண்டிக்குப் பயன்படப் புறப்படுகிறது. பதினைந்து ஆண்டு உழைத்த காரில் ஏ.சி. பழுதானால், புதிய கம்ப்ரசரின் விலை அந்த வண்டியின் மதிப்புக்குப் பொருந்தாது. அப்போது பழையதைத் தேடுவது கஞ்சத்தனம் அன்று. மனித உழைப்பில் உருவான பொருளை அதன் பயன் தீருமட்டும் மதிப்பதாகும். இதில் எனக்கு ஐயமில்லை. ஐயம் எழுவது வேறிடத்தில்.

வாங்கல் விற்றலின் நீதியை ஆராய்ந்த தூய தோமா அக்குவினார், குதிரையை எடுத்துக்காட்டாகக் கொண்டார். குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது எவருக்கும் தெரியும். விலையை அதற்கேற்பக் குறைத்தால் போதும், குறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மறைந்திருந்து வாங்குபவருக்கு இழப்போ இடரோ விளைவிக்கும் குறையாயின், சொல்லியே ஆகவேண்டும்.

கம்ப்ரசரின் மேல் படிந்த துரு, ஒற்றைக் கண் போன்றது. உள்ளே இருப்பதுதான் சிக்கல். முந்திய வண்டியில் அது இறுகி நின்றிருந்தால், உலோகத் துகள்கள் தங்கியிருந்து நம் வண்டியின் குழாய்களை அடைக்கும். வாய் திறந்தே கிடந்திருந்தால் ஈரம் ஏறியிருக்கும். தண்டைக் கையால் சுழற்றியும் எண்ணெயை வடித்தும் பார்த்தால் ஓரளவு புலப்படும். டிரையரோ பார்வைக்கு எதையும் காட்டாது. ஈரத்தை உறிஞ்சவே அமைந்த அது, திறந்த காற்றில் கிடந்தால் நிறைந்துவிடுகிறது. அதையும் ரப்பர் வளையங்களையும் புதிதாகவே வாங்க வேண்டும். நல்ல மெக்கானிக் கேளாமலே இதைச் சொல்வார்.

இதுவரை இருவர் கணக்கு. பாகம் கழற்றப்பட்ட வேளையில் ஒரு சீறல் கேட்டிருக்கும். சிறிது நேரத்தில் அடங்கியிருக்கும். அந்தக் காஸ் யாருடையது?

முன்னாள் கார்களில் இருந்தது ஆர்-12. அத்தகைய வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தனர்; 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. பின் வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குக் கேடு செய்வதில்லை. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில், நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,300 மடங்கு வலியது. அரைக் கிலோவை வெளியே விடுவது, 250 லிட்டருக்கு மேல் பெட்ரோலை எரிப்பதற்கு நிகர். பழைய பாகத்தால் மிச்சப்படுத்திய உலோகமும் மின்சாரமும் அந்தச் சீறலிலேயே பெருமளவு கரைந்துபோகக்கூடும்.

இழப்பைச் சுமப்பவர் அந்தக் கடைவாசலில் நிற்பதில்லை. அவர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம். குதிரைச் சந்தையின் நீதி இருவரை மட்டுமே கண்டது. மூன்றாம் ஆளுக்காகப் பேரம் பேச அங்கே எவரும் இல்லை.

காஸைப் பிடித்துச் சேமிக்கும் கருவி உண்டு. சிறு பட்டறைக்கு அதன் விலை பாரம். பழியைப் பட்டறைக்காரர் தலையில் கட்டுவது எளிது; நியாயமன்று. மலிவின் ஆதாயம் நம் பையில்தானே சேர்கிறது? ஒரே தெருவின் நான்கைந்து பட்டறைகள் கூடி ஒரு கருவி வாங்கலாம். அதற்கென ஒரு சிறு தொகையைக் கூலியோடு சேர்த்துக் கேட்டால் நாம் முகம் சுளிக்காமல் தரலாம். கம்ப்ரசரின் விலையைப் பேசி முடித்தபின், ‘இதைக் கழற்றும்போது காஸை என்ன செய்தீர்கள், அண்ணே?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் வியப்போடு நிமிர்ந்து பார்ப்பார். அவரிடம் அதுவரை எவரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.