பொறுத்தலும் பொறுப்பும்

'பொறு' என்னும் ஒரே அடியிலிருந்து பிறந்த இரு சொற்கள் தமிழில் வழங்குகின்றன. வந்த துன்பத்தைத் தாங்குவது பொறுத்தல். செய்த செயலின் விளைவைத் தன்மேல் ஏற்பது பொறுப்பு. செயலைச் செய்தவனே அதன் சுமையையும் தாங்குவானாயின் அது நீதி. கடலில் எண்ணெய் சிந்தும்போதோ இவ்விரண்டும் பிரிந்துவிடுகின்றன. பொறுத்தல் மீனவனின் வாசலுக்கு வந்து சேர்கிறது. பொறுப்பு எவரிடமும் தங்காது அலைகிறது. எண்ணெய் நிறுவனங்களைப் பொறுப்புக்கூற வைத்தல் என்பது பிரிந்த இவ்விரண்டையும் மீண்டும் ஒன்றுசேர்க்கும் முயற்சியே எனலாம்.

இவ்வினா திருகோணமலைக்குப் புறம்பானதன்று. துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவில், பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 எஞ்சியுள்ளன. 2022 சனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கைகளின்படி அவற்றுள் 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இவ்விரண்டும் பங்குகொள்ளும் கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. அருகே கொட்டியாரக்குடாவில் மகாவலி கடலோடு கலக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் வலையை நம்பிய குடும்பங்கள் வாழ்கின்றன. வடக்கே, நிலாவெளிக்கு எதிரே, புறாத்தீவின் பவளப்பாறைகள் உள்ளன. எண்ணெயும் மீனும் ஒரே கரையை நம்பியிருக்குமிடத்தில், விபத்தின் பின் யார் பதிலிறுப்பார் என்பது வெறும் ஏட்டுக் கேள்வியாகாது.

கிழக்குக் கடலுக்கு அவ்வச்சம் 2020 செப்டெம்பர் 3ஆம் நாள் நேரிலேயே வந்தது. ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெயுடன் சென்ற நியூ டயமண்ட் என்னும் கப்பல், அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இலங்கையரும் இந்தியரும் பல நாள் போராடித் தீயை அணைத்தனர். சரக்குத் தாங்கிகள் உடையாமையால் கப்பலின் எரிபொருளில் ஒரு பகுதி மட்டுமே கடலிற் படர்ந்தது. 1967இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உடைந்து உலகையே அதிரவைத்த டொறி கன்யன் கப்பல் சுமந்த எண்ணெய், நியூ டயமண்ட் சுமந்ததிற் பாதிக்கும் குறைவானது என்பதை நோக்கின், தப்பிய ஆபத்தின் அளவு விளங்கும்.

அக்கப்பலின் கொடி பனாமாவினது, தலைவர் கிரேக்கர், எண்ணெய் குவைத்திலிருந்து வந்தது, சேரவிருந்த துறை ஒடிசாவின் பரதீப், பெறவிருந்தது இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனம். தீயணைப்புச் செலவு கப்பல் உரிமையாளரிடம் கோரப்பட்டது. கப்பல் தலைவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 120 இலட்சம் ரூபா தண்டம் விதித்தது. தாங்கிகள் உடைந்திருந்தால், இத்தனை பேருள் பொறுப்பாளி யார்?

டொறி கன்யன் விபத்தின் பின் 1969இல் உருவாகி 1992இல் திருத்தப்பட்ட சர்வதேச உடன்படிக்கை இதற்கு ஒரு விடை தருகிறது. தவறு நிரூபிக்கப்படாவிடினும் கப்பல் உரிமையாளர் நட்டஈடு வழங்கவேண்டும். ஆயின் அத்தொகைக்குக் கப்பலின் கொள்ளளவைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு உண்டு. கப்பலை வாடகைக்கு அமர்த்தியவர்மீது நேராக வழக்குரைப்பதை அது பெரும்பாலும் தடுக்கிறது. எண்ணெயைப் பெறும் நிறுவனங்கள் ஒரு பொது நிதிக்குப் பங்களிக்கின்றன. பாதிக்கப்பட்டோர் வழக்காடிக் களைப்படையாது பணம்பெற இது வழிசெய்கிறது, அந்நன்மை சிறிதன்று. எனினும், யாருடைய தேவைக்காகப் பயணம் நிகழ்ந்ததோ அவர் சந்தா செலுத்துபவராக மட்டும் நின்றுவிடுகிறார்.

இங்கு இரு மறுப்புகள் எழக்கூடும். பிறர் கப்பலில் நேர்ந்த வெடிப்புக்கு எண்ணெய் நிறுவனம் எவ்வாறு பொறுப்பாகும் என்பது ஒன்று. எந்தக் கப்பலை, எவ்வளவு பழையதை, எவ்வளவு மலிவாக அமர்த்துவது என்பதைத் தெரிவுசெய்யும் ஆற்றல் அதனிடமே உள்ளது. ஆபத்தினால் இலாபம் பெறுபவர் ஆபத்திலும் பங்கேற்றல் முறையே. மீனவனின் படகும் மண்ணெண்ணெயில்தானே ஓடுகிறது என்பது மற்றொன்று. உண்மை, பயன்படுத்துவோர் அனைவருக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஆனால் பயன் பொதுவாயினும் அதிகாரம் பொதுவானதன்று. முடிவெடுக்கும் இடத்தில் மீனவனுக்கு இருக்கை இல்லை. அதிகாரம் எங்கு மிகுகிறதோ அங்கு பொறுப்பும் மிகவேண்டும்.

பணம் செலுத்தியதும் பொறுப்பு முடிந்துவிடுகிறதா என்பதே எஞ்சும் ஆழ்ந்த வினா. 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர் மாண்டனர்; 87 நாட்கள் கிணறு கசிந்தது. அம்மரணங்களுக்கான குற்றத்தை பி.பி. நிறுவனம் 2012இல் ஒப்புக்கொண்டது. 2015இல் ஏறத்தாழ 2,080 கோடி டொலருக்கு இணக்கம் கண்டது. அம்மரணங்களுக்காக மனிதர் எவரும் சிறை செல்லவில்லை. எண்ணெய்க் கப்பலன்று எனினும், 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் விடயத்தில், இலங்கை உயர் நீதிமன்றம் 2025 யூலையில் 100 கோடி டொலர் இழப்பீடு விதித்தது. கப்பல் நிறுவனத்தின் தலைவரோ, பொறுப்புக்கு வரம்பு உண்டு என்னும் கடல்வணிக நெறி சிதையும் எனக் கூறி, செப்டெம்பரில் அதனைச் செலுத்த மறுத்தார். உச்சவரம்பு முன்கூட்டியே தெரிந்தால் அழிவு ஒரு செலவினமாகக் கணக்கேட்டில் இடம்பெறும். விலை குறிக்கப்பட்ட குற்றம் வாங்கத்தக்க பண்டமாகிவிடும்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கவன். பொற்கொல்லன் பொய்யுரைத்தான், காவலர் கொன்றனர் எனச் சொல்லித் தப்ப அவனுக்கு வழியிருந்தது. அவன் அவ்வாறு சொல்லவில்லை. ஆராயாது ஆணையிட்ட பிழை தனதே என ஏற்றான். இன்று எவருடைய உயிரையும் எவரும் கேட்கவில்லை. அதிகாரம் தன்னிடம் இருந்தது என ஒப்புக்கொள்ளும் நாவே வேண்டப்படுகிறது. உண்மையை மறைக்காது வெளியிடல், கெடுத்ததைச் சீர்செய்தல், மீண்டும் நேராவண்ணம் தொழில்முறையை மாற்றல் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி இழப்பீடு பொறுப்பாகாது.

பாதிக்கப்படக்கூடிய மக்கள் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. மூதூரில் கருவாடு போடும் பெண்ணிடம் தன் வருவாய்க்குப் பற்றுச்சீட்டு இராது. பவளப்பாறையும் தன் இழப்பை எழுதிவைக்காது. நீதிமன்றமோ சான்று கேட்கும். இழந்தபின் கணக்குக் கேட்பதற்கு, இழக்குமுன் கணக்கு எழுதப்பட்டிருத்தல் வேண்டும். குடாவின் மீன்வளத்தையும் பாறைகளையும் கரையோர உழைப்பையும் இன்றே பதிவுசெய்வது பல்கலைக்கழகங்களுக்கு எட்டாத பணியன்று. பொறுத்தலையே தலைமுறைகளாகப் பழகிய மக்கள், பொறுப்பைக் கேட்டுநிற்பதற்கான முதற்படி அதுவாகும்.