கணக்குக் கேட்காத சில்லு

ஆரணியில் பட்டு எடை போட்டுத்தான் கைமாறும். நெசவாளருக்கு நூலை நிறுத்துக் கொடுப்பார்கள். நெய்து வந்த சேலையையும் தராசில் வைப்பார்கள். அறுந்து கழிந்து போவதற்கு ஓர் அளவு உண்டு, அதைத் தாண்டினால் கேள்வி வரும். அதனால் தறி இருக்கும் வீடுகளில் அறுந்த இழையைக்கூட அலட்சியமாக வீச மாட்டார்கள். அதே வீட்டில் யாருமே கணக்குக் கேட்காத இடம் ஒன்று உண்டு. குளியலறையின் சோப்புப் பெட்டி.

இத்தனைக்கும் பட்டே சோப்பில் குளித்துதான் பட்டாகிறது. கச்சா நூலில் ஏறக்குறையக் கால் பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சலவைச் சோடாவும் கரைத்த வெந்நீரில் கொதிக்கவைத்தால்தான் அது கழன்று நூலுக்கு மினுமினுப்பு வரும், சாயமும் சீராக ஏறும். கிலோவாகப் போன நூல் முக்கால் கிலோவாகத் திரும்பும். அந்தக் கால் கிலோவும் கணக்கில் இருக்கும்.

குளியலறைக்கே வருவோம். தேய்ந்து, கையில் நிற்காமல் வழுக்கும் சோப்புச் சில்லுகளை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வருகிறேன். பாட்டில் நிறைந்ததும் காய்ந்த சில்லுகளைத் துருவி, எவர்சில்வர் கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் கொஞ்சமாகத் தெளித்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளற வேண்டும். தண்ணீர் கூடினால் போச்சு, கட்டி காயவே காயாது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து சோப்பாகும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டதால் இதில் காஸ்டிக் சோடாவுக்கு வேலை இல்லை; சேர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். களிப்பதம் வந்ததும் எண்ணெய் தடவிய கொட்டாங்குச்சியில் அழுத்தி வைப்பேன். மறுநாளோ அதற்கு மறுநாளோ கவிழ்த்து, மூன்று நான்கு வாரம் நிழலில் உலரவிட வேண்டும். ஹமாமின் பச்சையும் லைஃப்பாயின் சிவப்பும் கலந்தால் சேற்று நிறம்தான் வரும். நுரைக்குக் குறைவில்லை. உறையில் டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு) 76 விழுக்காடோ அதற்கு மேலோ போட்டிருக்கும் முதல் தரச் சோப்பின் சில்லுகள் நன்றாகச் சேர்கின்றன. 'பேதிங் பார்' என்று போட்டவற்றை நான் சேர்ப்பதில்லை.

“ஏம்மா, பத்து ரூபா சோப்புக்கு இவ்ளோ கேஸா?” என்பான் மகன். கணக்குப்படி அவன் சொல்வதுதான் சரி. மிச்சம்தான் குறி என்றால், ஈரச் சில்லைப் புதுக்கட்டியின் முதுகில் ஒட்டி ராத்திரி விட்டுவிட்டால் போதும், செலவே கிடையாது. அவசரத்துக்கு நானும் அதைத்தான் செய்கிறேன். பிறகு எதற்கு இந்தத் துருவலும் கிளறலும்? தராசு இருக்கும் இடத்தில் எவரும் சிக்கனமாக இருந்துவிடலாம். அங்கே பாதி வேலையைப் பயம் செய்துவிடுகிறது. எவரும் நிறுத்துப் பார்க்காத ஒரு பொருளிடம் நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

இந்த ஆசைக்கு ஒரு வேலி வேண்டும். சில்லு சேர்க்க ஆரம்பித்து, மருமகள் எத்தனை தடவை சோப்புப் போடுகிறாள் என்று எண்ணுவதில் போய் நிற்கும் மாமியார்களை எனக்குத் தெரியும். நம் தராசில் நம்மைத்தான் ஏற்றலாம், அடுத்தவரை ஏற்றினால் அந்த வீட்டில் நிம்மதியாகக் குளிக்க முடியாது.

மீந்த சோப்பைப் பெரிய அளவில் சேர்த்தவரும் உண்டு. உகாண்டாவில் பிறந்த டெரிக் கயோங்கோவின் அப்பா சோப்பு செய்தவர். அமெரிக்க ஓட்டல்களில், ஒரு விருந்தாளி ஓரிரு முறை தேய்த்த சோப்பு குப்பைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, கயோங்கோ 2009இல் அட்லாண்டாவில் 'குளோபல் சோப் பிராஜெக்ட்' அமைப்பைத் தொடங்கினார். சேகரித்த சோப்பைச் சுத்திகரித்து, உருக்கி, ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் புதுக்கட்டிகளாக ஏழை நாடுகளுக்கு அனுப்பினார்கள். பிறருக்குக் கொடுக்கும் பொருள் என்பதால் அத்தனை கவனம்.

நம் கொட்டாங்குச்சிக்கு ஆய்வகம் கிடையாது. அதில் வார்த்த சோப்பு நம் வீட்டோடு இருக்கட்டும். யாருக்காவது கொடுக்க மனம் வந்தால் கடையில் புதுக்கட்டி வாங்கிக் கொடுங்கள்.