சிறு வீட்டின் சுற்றளவு

பெரிய வீட்டை விற்றுவிட்டு நாட்டுப்புறத்துச் சிறுவீடு ஒன்றைப் பழுதுபார்த்து அதில் வாழ முடிவுசெய்யும் குடும்பம், பெரும்பாலும் எவற்றைக் கழிப்பது என்ற கணக்கிலிருந்தே தொடங்குகிறது. அலமாரிகளில் எத்தனை, புத்தகங்களில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் வீட்டின் அளவு என்பது சுவர்களுக்கு இடைப்பட்ட பரப்பு மட்டுமே என்ற எண்ணத்தை அது ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறது. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று பார்க்க, நகரத்துக் குடும்பங்கள் பல இன்று தேடிச் சென்று வாங்கும் சுவீடனின் ‘தோர்ப்’ என்னும் மரவீடு நல்ல சான்றாகும்.

சொந்த நிலமில்லாத உழவர் குடும்பம் ஒன்று நிலவுடைமையாளரின் எல்லைக்குள் வீடு கட்டிக் குடியிருந்து, சிறிதளவு நிலத்தைத் தனக்கென உழுதுகொண்டு, அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட நாள்கள் அவருடைய வயலில் உழைத்துக் கொடுத்த குடியிருப்பே தோர்ப் எனப்பட்டது. பெரும்பாலும் ஓர் அறை, ஒரு சமையலறை. பெற்றோரும் பல குழந்தைகளும் அதற்குள்ளேயே வாழ்ந்தனர். தெற்கே ஸ்மோலாந்து போன்ற பகுதிகளில் மண்ணைவிடக் கல் மிகுதி என்பதால், வயலிலிருந்து பொறுக்கிய கற்களை அடுக்கிய வேலிகள் இன்றும் காட்டுக்குள் நீண்டு கிடக்கின்றன. சுமார் 1850 முதல் 1930 வரை வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஏறத்தாழ 13 லட்சம் சுவீடர்களில் பெருந்தொகையினர் இத்தகைய மண்ணை விட்டுச் சென்றவர்கள். உழைப்பை வாடகையாகக் கொடுக்கும் அம்முறை 1943இல் சட்டத்தால் முடிவுக்கு வந்தபின், ஆளற்றுப்போன வீடுகளில் பல கோடைகால இல்லங்களாயின. ஆகவே அவ்வீட்டின் அளவு எளிமையை விரும்பியவர் எவரும் தேர்ந்தெடுத்ததன்று, வறுமை விதித்தது. அதனை எளிய வாழ்வின் இலக்கணமாகப் புகழ்வோர், அந்த அளவிலிருந்து தப்பிக்கவே பலர் கடல் கடந்தனர் என்பதை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

ஆயினும் வறுமை ஒன்றே அவ்வீட்டை விளக்கிவிடாது. தோர்ப் ஒருபோதும் ஒற்றைக் கட்டடமாக இருந்ததில்லை. கிழங்குகளையும் பாலையும் குளிர்காலத்தில் உறையாமலும் கோடையில் கெடாமலும் காக்க, மேட்டைக் குடைந்து கல்லடுக்கி மண்மூடிய நிலவறை ஒன்று, விறகுக்கு ஒரு கொட்டில், மாட்டுக்கும் வைக்கோலுக்கும் ஒரு தொழுவம், கிணறு, சற்றுத் தள்ளி ஒரு கழிப்பறை. இன்றைய வீட்டில் குளிர்பதனப் பெட்டி, கொதிகலன், சலவை அறை, பண்ட அறை என்று உள்ளே நுழைந்துவிட்ட அனைத்தும் அன்று முற்றத்தில் பரவிக் கிடந்தன. குடும்பம் தூங்கவும் உண்ணவும் குளிர்காயவும் மட்டுமே ஒரே கூரையின்கீழ்க் கூடியது. வெளியிலிருந்த அச்சிறு கட்டடங்களை இடித்து அகற்றிவிட்டு, அவை செய்த வேலைகள் அனைத்தையும் வீட்டுக்குள் கொண்டுவரும் குடும்பம், பிறகு இடம் போதவில்லை என்று பின்பக்கம் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டும்போது, சுருங்கி வாழும் நோக்கத்தைத் தானே முறியடித்துக்கொள்கிறது. நிலவறையின் சரிந்த கற்களை எடுத்துக் கட்டுவது அதைவிடச் செலவு குறைந்த வேலை, ஆனால் பலருக்கும் அது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

பழுதுபார்ப்பிலும் இதே பாடம் வேறு வடிவில் எதிர்ப்படுகிறது. இவ்வீடுகளின் சிவப்பு நிறம், ஃபாலுன் நகரத்துச் செப்புச் சுரங்கத்தின் கழிவிலிருந்து கிடைத்த இரும்பு ஆக்சைடு மிக்க பொடியை, தண்ணீர், ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தின் மாவு, அன்னபேதி, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றுடன் காய்ச்சிச் செய்த பூச்சாகும். அச்சுரங்கம் 1992இல் மூடப்பட்டு, 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட போதிலும், பூச்சு இன்றும் தயாராகிறது. அது மரத்தின்மேல் தோல்போல மூடிக்கொள்ளாமல் ஈரத்தை வெளியே செல்லவிடுகிறது; நாளடைவில் பொடியாக உதிரும் என்பதால் மறுபடி பூசவேண்டும் என்பதே அதன் குறை. அந்த அலுப்பைத் தவிர்க்க விரும்பி, செயற்கைப் பிசின் கலந்த பூச்சை அடித்தவர்கள் உண்டு. விரிசல்களில் புகுந்த மழைநீர் அந்தப் படலத்துக்குப் பின்னால் வெளியேற வழியின்றித் தங்க, சுவரின் கீழ்வரிசை மரங்கள் மறைவிலேயே மக்கிப்போயின. அப்போது வீட்டையே பளுதூக்கிகளால் சிறிது உயர்த்தி அடிமரத்தை மாற்றவேண்டியிருக்கிறது.

தரைக்கு அடியிலும் இப்படித்தான். கற்களின்மேல் நிற்கும் இவ்வீடுகளின் அடித்தளத்தில் காற்றோட்டமுள்ள ஒரு வெற்றிடம் உண்டு. நாள்தோறும் எரிந்த அடுப்பின் கனத்த கல்லடி அவ்விடத்தையும் சற்று வெதுவெதுப்பாக வைத்திருந்தது. அடுப்பை நீக்கி, தரைக்கு வெப்பக்காப்பு நன்றாக இட்டு, மின்சாரத்தால் அறையைச் சூடாக்கினால், அறை வசதியாகிறது. அடிவெற்றிடமோ குளிர்ந்துவிட, கோடையில் உள்ளே வரும் ஈரக்காற்று அங்கே நீராகப் படிந்து பூஞ்சை பிடிக்கிறது. ஒன்றை மேம்படுத்தும் செயல் வேறொன்றைக் கெடுப்பதற்குக் காரணம், பழைய வீட்டில் அடுப்பு வெறும் அடுப்பாக இல்லாமல் கட்டுமானத்தின் உறுப்பாகவும் இருந்ததே. இத்தகைய வீட்டை வாங்கியவர் முதல் ஆண்டு முழுவதும் எதையும் இடிக்காமல், நான்கு பருவங்களிலும் வீடு என்ன செய்கிறது என்று கவனிப்பதே அறிவுடைமை. அவசரக்காரருக்கு அது பிடிக்காத அறிவுரை.

இங்கே குடும்பம் என்ற சொல்லையும் கவனிக்கவேண்டும். சிறுகுடில் வாழ்வைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவிடமிருந்து தொடங்குகிறது. 1845இல் வால்டன் குளக்கரையில் அவர் அமைத்த குடில் 10 அடி அகலமும் 15 அடி நீளமும் உடையது. ஆனால் அங்கு ஈராண்டுக்குச் சற்று மேல் வாழ்ந்த அவர் தனியர். அவருடைய மௌனத்தைக் கலைக்கக் குழந்தை எதுவும் அழவில்லை. ஐவர் வாழும் ஓரறையில் ஒருவருடைய எளிமை மற்றவருக்குச் சுமையாகலாம். விறகு பிளப்பது ஒருவருக்கு மனநிறைவு தரும் பொழுதுபோக்காகவும், ஈரத்துணியை அடுப்பருகே உலர்த்துவது இன்னொருவருக்கு முடிவற்ற வேலையாகவும் அமைந்துவிட்டால், வீட்டின் சிறுமையை இருவரும் ஒரே அளவில் உணர்வதில்லை. யார் எதைச் செய்வது என்ற பங்கீடு, எதை வைத்துக்கொள்வது என்ற பட்டியலைவிட முன்னதாகப் பேசப்படவேண்டியது.

முற்றத்துக்கு அப்பாலும் வீடு விரிகிறது. காடு யாருடையதாயினும், பிறர் வீட்டு வளாகத்தையும் பயிரையும் தவிர்த்து எவரும் அதில் நடக்கலாம், காட்டுப்பழமும் காளானும் பறிக்கலாம் என்ற பொது உரிமை சுவீடனில் நெடுங்காலமாக நிலவி, 1994இல் அரசியலமைப்புச் சட்டத்திலும் இடம்பெற்றது. இரண்டு அறைகளில் வாழும் குழந்தைகளுக்கு அந்தக் காடு மூன்றாவது அறையாகிறது. வேலியிட்ட தோட்டங்கள் மட்டுமே சூழ்ந்த நாட்டில் அதே அளவுள்ள வீடு அவர்களுக்கு நெருக்கடியாகவே இருந்திருக்கும். ஆனால் நவம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும்போது இந்த அறை மூடிக்கொள்கிறது, அதன்பின் குடும்பம் நம்பியிருப்பது நூலகம், நீச்சல்குளம், பள்ளி, அவற்றை அடையும் சாலை ஆகியவற்றையே. கட்டாயக் கல்வி பயிலும் பிள்ளைகளுக்குத் தொலைவை முன்னிட்டு இலவசப் பள்ளிப் போக்குவரத்து அளிக்கும் கடமை அங்கு நகராட்சிக்கு உண்டு. எனினும் வண்டி எங்கே நிற்கும், நிறுத்தம் வரை பனியில் எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்பவை இடத்துக்கு இடம் மாறும். அடிமரத்தைக் கத்தி முனையால் குத்திச் சோதிக்கும் குடும்பம், அந்த நிறுத்தம் வரை ஒருமுறை குளிர்காலத்துக் காலை நேரத்தில் நடந்தும் பார்ப்பது நல்லது.