மக்களாட்சிகளின் கூட்டணியும் இசைவின் எல்லையும்

முன்னணி மக்களாட்சி நாடுகள் கூட்டணி அமைத்து உலக ஒழுங்கைக் காக்க வேண்டும் என்ற யோசனை அரசியல் திட்டமாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது ஓர் அறவியல் வினாவாகும்: தன் குடிகளின் இசைவால் ஆளும் உரிமை பெற்ற அரசு, அவ்விசைவைத் தராத பிற நாட்டு மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் உரிமையை எங்கிருந்து பெறுகிறது?

இவ்யோசனைக்கு மூலமாகப் பெரிதும் காட்டப்படுவது, ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1795-இல் வெளியிட்ட ‘நிரந்தர அமைதி’ என்ற நூல். போரின் சுமையைத் தாங்கப்போகும் குடிகளின் ஒப்புதலின்றிப் போர் தொடங்க இயலாத அரசமைப்பை அவர் குடியரசு என்றார். அத்தகைய சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பு மெல்ல விரிந்து போரைத் தடுக்கும் என்று வாதிட்டார். ஆயினும் ஒரு நாட்டின் அரசமைப்பில் இன்னொரு நாடு வலிந்து தலையிடலாகாது என்று விதிப்பதும் அதே நூல்தான். வணிகத்தின் பெயரால் இந்துஸ்தானத்துக்குள் அந்நியப் படைகளைப் புகுத்தி அங்குள்ள மக்களை ஒடுக்கிய ஐரோப்பியரின் செயலை அநீதி என்று கண்டிப்பதும் அதுவே. இப்பகுதிகளை விட்டுவிட்டுக் காண்டைத் துணைக்கழைப்பது நேர்மையாகாது.

அமெரிக்க இதழாளர் கிளாரன்ஸ் ஸ்ட்ரைட் 1939-இல் 15 மக்களாட்சிகளின் ஒன்றியத்தை முன்மொழிந்தபோது இச்சிக்கல் அப்பட்டமாக வெளிப்பட்டது. பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகியவற்றோடு வெள்ளையர் மட்டுமே ஆண்ட தென்னாப்பிரிக்காவும் அப்பட்டியலில் இருந்தது. அந்த நாடுகளின் கீழ் வாழ்ந்த கோடிக்கணக்கான ஆசிய, ஆப்பிரிக்க மக்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதை எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் அவ்வாண்டே கடுமையாகச் சுட்டிக்காட்டினார். அவர் எழுப்பிய மறுப்புக்கு இன்றுவரை நிறைவான விடை தரப்படவில்லை.

2006-இல் அமெரிக்க அரசியல் அறிஞர்கள் ஜான் ஐகன்பெரியும் ஆன்-மேரி ஸ்லாட்டரும் தலைமையேற்ற, தேசியப் பாதுகாப்பு குறித்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டத்தின் அறிக்கை, ஐ.நா. பாதுகாப்புச் சபை செயலிழக்கும்போது படை நடவடிக்கைக்கு ஒப்புதல் தரும் மாற்று அவையாகவும் இத்தகைய கூட்டணி இயங்கலாம் என்றது. இதன் பின்னுள்ள வேதனை உண்மையானது. பின்னாளில் சிரியாவில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, 2011 அக்டோபர் முதல் ரஷ்யா தன் வீட்டோவால், அதாவது ஒற்றை மறுப்பால் தீர்மானத்தையே வீழ்த்தும் அதிகாரத்தால், சபையைப் பலமுறை முடக்கியது. தம் மக்களுக்கே பதில் சொல்லாத ஆட்சியாளர்கள் அம்மக்களின் பெயரால் பேசத் தகுதியற்றவர்கள் என்ற வாதத்தை மறுப்பது எளிதன்று. ஆனால் சர்வாதிகாரி இழக்கும் அந்தத் தகுதி தானாகவே அண்டை நாட்டு வாக்காளரின் கைக்கு வந்துவிடாது; அது ஒடுக்கப்பட்ட அந்த மக்களிடமே தங்குகிறது.

ஆகவே, உறுப்பு நாடுகள் தத்தம் தேர்தல்களையும் நீதிமன்றங்களையும் ஒன்றுக்கொன்று கண்காணித்துக்கொள்ளவும், தாக்கப்பட்ட உறுப்பு நாட்டுக்குத் துணைநிற்கவும் இக்கூட்டணிக்கு முழு உரிமை உண்டு. தன்னில் இடம்பெறாத ஒரு நாட்டின் மீது போர் தொடுக்க அனுமதி வழங்கும் உரிமை அதற்கு இல்லை.