நித்தியமும் நித்தமும்

தமிழில் ‘நித்தியம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ‘நித்திய வாழ்வு’ என்னுமிடத்து அஃது அழிவின்மையைக் குறிக்கும். ‘நித்திய பூசை’ என்னுமிடத்து நாள்தோறும் நிகழ்வதைக் குறிக்கும். என்றுமுள்ளதையும் அன்றாடத்தையும் ஒருங்கே சுட்டும் இச்சொல், கிறித்தவ வாழ்வின் கடினமான வினா ஒன்றை நினைவூட்டுகிறது. அழியாததையே முதன்மையாகக் கொண்ட ஒருவன், அழியும் இந்த ஒரு நாளை எவ்வாறு வாழ வேண்டும்?

விண்ணுலகைக் காட்டி மண்ணுலகத் துயரை மறக்கச் செய்வதே சமயம் என்னும் குற்றச்சாட்டு பழையது. தோட்டப்புறத்தில் அதற்கு வலு மிகுதி. ஒழுகும் லயத்தையும் பற்றாத கூலியையும் பொறுத்துக்கொள், மறுமையில் இன்பம் உண்டு என ஏழைக்குச் சொல்வது அநீதிக்குத் துணைபோதலேயாகும். நற்செய்தி நூலும் அதற்கு இடந்தரவில்லை. இறையரசை முதலில் தேடப் பணிக்கும் மத்தேயு ஆறாம் அதிகாரமே, அன்றன்றைய உணவுக்காக வேண்டவும் கற்பிக்கிறது. அந்நூலின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பு நாளில் எண்ணப்படுவன பசித்தவனுக்கு இட்ட சோறும் நோயாளியைச் சென்று கண்ட நடையுமே.

இவ்வுண்மையைக் கெடாவின் குருண் வட்டாரத்து மரங்களும் உணர்த்தும். 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையின் அடிவாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினர். மரப்பட்டையின் உட்பகுதியிலேயே பால் ஊறுகிறது. அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டி, பட்டையை மீண்டும் வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலம் உள்ளது. உளி ஆழ இறங்கினால் அப்படலம் புண்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். அளவோடு வெட்டிய பட்டையோ சில ஆண்டுகளில் வளர்ந்து மறுபடியும் பால் தரும். அந்தப் பால் எவர் வாளியில் சேரும் என்பதை வெட்டியவர் அறியார். ஆயினும் நல்ல தொழிலாளி, விடியாத இருளில், எவரும் காணாத நிரையில், கையை அளவறிந்து நிறுத்தினார். வருங்காலத்தை மதித்தமையால் அவர் இன்றைய வேலையை விட்டுவிடவில்லை. அதனைச் செம்மையாகச் செய்தார்.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆட்கள் புறப்பட்ட தமிழக மாவட்டங்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. அம்மாவட்டத்து வேலூரில் இத்தகைய வாழ்வு வாழ்ந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்க மருத்துவப் பணியாளர் குடும்பத்தில் பிறந்த அவர், இந்தியாவில் தங்கிவிட விரும்பவில்லை. ஆண் மருத்துவர் தொடலாகாது என்னும் வழக்கத்தால், ஒரே இரவில் இளந்தாய்மார் மூவர் பிள்ளைப்பேற்றில் மாண்டமை அவர் மனத்தை மாற்றிற்று. 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்தார். ஒற்றைப் படுக்கையோடு பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி நிறுவினார். மறுமையை நம்பிய அவர், அந்நம்பிக்கையைச் சாலையோர மரநிழலில் காத்திருந்த நோயாளிகளிடம் நாள்தோறும் காட்டினார்.

ஆயினும் முதன்மைகள் ஒன்றோடொன்று மோதும் நாளும் வரும். குருண் வட்டாரம் மாறிவிட்டது. 1990களில் அங்கே மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. வேலை முறை நேரங்களே பலரது வாழ்வை வகுக்கலாயின. கூடுதல் நேர வேலைக்குச் செல்வதா, நோயுற்ற அண்டை வீட்டாரைப் பார்க்கச் செல்வதா? அந்தக் கூலி பிள்ளையின் கல்விக்கு உதவுமாயின் அதனைப் பேராசை என இகழ்தல் தகாது. லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்துச் செல்வன் களஞ்சியத்தைப் பெரிதாக்கத் திட்டமிட்ட இரவிலேயே இறந்தான். சேமிக்க நினைத்தது மட்டுமே அவன் பிழையாகாது. அவனது திட்டத்தில் அவனைத் தவிர வேறொருவருக்கும் இடமில்லை. எனவே, ‘இன்றைய திட்டத்தில் பிறர்க்கு இடமுண்டா?’ என்பதே நாள்தோறும் கேட்கத்தக்க வினா.

அவ்வினாவைத் தவிர்த்துவிட்டு, ஞாயிறு தோறும் நித்தியத்தைப் பாடுவதால் ஒருவன் நித்தியத்தைத் தேடியவனாகான். நாளை புதுப்பட்டை வளர வேண்டுமாயின், இன்று உளியைப் பிடிக்கும் கை அளவறிந்திருத்தல் வேண்டும்.