தார்நாகாவின் இரண்டு வகுப்பறைகள்

ஹைதராபாத் தார்நாகாவில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டியே இருக்கிறது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். மாணவர்கள் வாயில் அது ‘இஃப்லு’. பழைய ஆட்கள் இன்றும் ‘சீஃபெல்’ என்றுதான் சொல்வார்கள். 1958இல் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர மத்திய ஆங்கில நிறுவனம் என்ற பெயரில் தொடங்கியது. 1972இல் பெயரிலேயே அயல்மொழிகளும் சேர்ந்தன. 2007இல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், அரபி, ஸ்பானிஷ், ஜப்பானியம் என்று உலகத்தின் பல மொழிகள் ஒரே சுற்றுச்சுவருக்குள் பாடமாக நடக்கின்றன.

அங்கே ஜெர்மன் பட்டப்படிப்பின் முதல் வாரத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பெஞ்சில், மூன்று தலைமுறையாக வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் வாங்கும் குடும்பத்துப் பெண். பக்கத்தில், கரீம்நகர்ப் பக்கத்துக் கிராமத்தில் தெலுங்கு மீடியத்தில் படித்து வந்த பையன். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியோ அஃறிணை மாதிரி ஒன்றன்பாலில் வந்து நிற்பாள். மேசை ஏன் ஆண்பால் என்று கேட்டால் ஜெர்மானியருக்கே பதில் தெரியாது. இரண்டு பேரும் தப்பாகச் சொல்கிறார்கள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். யார் வீட்டிலும் ஜெர்மன் பேசிய பாட்டி இல்லை. முந்திப் போக யாருக்கும் குறுக்குவழி இல்லை.

அதே பையன் அடுத்த மணி ஆங்கில வகுப்புக்குப் போகிறான். கடைசி வரிசையில் உட்காருகிறான். கேள்விக்குப் பதில் தெரியும், ஆனாலும் வாய் திறப்பதில்லை. திறந்தால் ஊர் தெரிந்துவிடும், படித்த பள்ளி தெரிந்துவிடும், அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதும் தெரிந்துவிடும். ஜெர்மனில் தப்பு வந்தால் இலக்கணம் தவறு. ஆங்கிலத்தில் தப்பு வந்தால் ஆளே தவறு. இது தெலங்கானா சமாசாரம் மட்டும் இல்லை. நம் பொறியியல் கல்லூரிகளில் முதல் வருடம் ‘நீ தமிழ் மீடியமா?’ என்ற கேள்வி என்ன தொனியில் வரும் என்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 2,59,678 பேர். நூற்று இருபது கோடிக்கு மேல் ஆள் உள்ள தேசத்தில் இது ஒரு நடுத்தர ஊரின் ஜனத்தொகை. மீதி எல்லோருக்கும் அது படித்து வந்த மொழிதான், தலைமுறைக் கணக்கில் வேண்டுமானால் முன்பின் இருக்கலாம். முந்திப் படித்தவர் பிந்திப் படிப்பவரைப் பார்த்து முகம் சுளிக்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த வளாகமான உஸ்மானியா இதற்கு வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்த இடம். 1918இல் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் நிறுவிய அந்தப் பல்கலைக்கழகத்தில் உருது பயிற்றுமொழி. மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவில் நடந்தன. பாடநூல்களை மொழிபெயர்க்கவே தனி மொழிபெயர்ப்புத் துறை இருந்தது. ஆங்கிலம் ஒழிக்கப்படவில்லை. எல்லோரும் கட்டாயமாகப் படிக்கும் ஒரு பாடமாக இருந்தது. உடற்கூற்றியலை உருதுவில் எழுதித் தேறியவனுக்கு ஆங்கிலத் தாள் இன்னொரு தாள். அதில் தடுமாறினால் மதிப்பெண் குறையும், மருத்துவ அறிவு குறைந்ததாக ஆகாது. இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. நிஜாம் ராஜ்யத்தில் பெரும்பாலோர் பேசியது தெலுங்கும் மராத்தியும் கன்னடமும். அந்த வீடுகளிலிருந்து வந்தவனுக்கு உருதுவும் அரண்மனை மொழிதான். ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்த 1948 போலீஸ் நடவடிக்கைக்குப் பிறகு உருதுவின் இடத்தை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. பத்தே வருடத்தில் பக்கத்தில் ஆங்கில ஆசிரியர்களுக்கான நிறுவனம் வந்து சேர்ந்தது.

அந்த நிறுவனம் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒலியியல் பாடம். பல வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்திய ஆசிரியர் அங்கே வந்து உதடு, பல், அண்ணம், நாக்கு நுனி என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பென்’ என்று சொல்லிப் பார்ப்பது ஒலியியலில் பழைய சோதனை. லண்டன்காரர் சொன்னால் மூச்சுக் காற்றில் காகிதம் துள்ளும். நாம் சொன்னால் அப்படியே நிற்கும். நாம் பேனா கேட்டால், பெஞ்சமின் என்பவரைச் செல்லப் பெயரில் கூப்பிடுகிறோம் என்று அவர் நினைக்க வாய்ப்புண்டு! அடுத்தது அழுத்தம். ‘போட்டோகிராஃப்’ என்றால் முதல் அசையில் அழுத்தம், ‘போட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாவதில், ‘போட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவதில். தமிழில் அழுத்தம் இப்படி இடம் மாறித் தொல்லை தருவதில்லை என்பதால் நம் காதுக்கு இது பிடிபடவே நாளாகும். அந்த நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்.கே. பன்சால் இந்தியர் பேசும் ஆங்கிலம் எந்த அளவு மற்றவர்களுக்குப் புரிகிறது என்று ஆராய்ந்து 1969இல் நூலாக வெளியிட்டார். புரியாமல் போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக அவர் கண்டது இந்தச் சொல்லழுத்தக் கோளாறைத்தான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காகிதம் துள்ளவில்லை என்பதை வைத்து யாருடைய குடும்பத்தையும் எடைபோட முடியாது. கான்வென்ட் ஆசிரியை சொன்னாலும் பெரும்பாலும் துள்ளாது, நல்கொண்டா கிராமத்து ஆசிரியர் சொன்னாலும் துள்ளாது. குறை மூச்சில் இருக்கிறது, பிறப்பில் இல்லை. ஆங்கிலத்தை ஜெர்மன் மாதிரி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பாடமாக மேசைமேல் வைத்துப் பிரித்துப் பார்க்கும்போது அந்த அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே வரிசைக்கு வந்துவிடுகிறார்கள்.

என்.எஸ். பிரபு வேறு பக்கமிருந்து இதே இடத்துக்கு வந்தார் என்று நினைக்கிறேன். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த அவர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண வாய்ப்பாடு கிடையாது. ரயில் நேர அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போகலாம் என்று கேட்பார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். பிள்ளையின் புத்தி வண்டியைப் பிடிப்பதில் இருக்கும், ஆங்கிலம் அதன் பின்னாலேயே வரும். தப்பாகப் பேசுகிறோமே என்று கூச அங்கே நேரம் இல்லை. இன்று உலகமெங்கும் பேசப்படும் செயல்வழி மொழிக் கற்பித்தலுக்கு இந்தச் சோதனை ஒரு முன்னோடி.

தார்நாகாவுக்கு ஆங்கிலம் படிக்க வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். இந்திய அரசு 1964இல் தொடங்கிய ‘ஐடெக்’ திட்டம் போன்ற ஏற்பாடுகளில் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு அலுவலர்கள் வந்து தங்கிப் படிப்பதுண்டு. வினைச்சொல்லைக் கோட்டைவிட்டுவிட்டு நிம்மதியாகப் பேச அவர்களால் முடியும். ஊருக்குத் திரும்பினால் அவர்களை அவர்கள் மொழியில்தான் மதிப்பார்கள். ஆங்கிலம் கூடுதலாகக் கையில் ஒரு கருவி. இங்கே பாதி மொழி, பாதி குலம். தெரியாது என்று கூசாமல் சொல்ல முடிகிற இடத்தில்தான் எந்த மொழியும் மனதில் இறங்கும். நம் நாட்டில் ஜெர்மனுக்கு அந்த இடம் கிடைத்துவிட்டது, ஆங்கிலத்துக்குக் கிடைக்கவில்லை.

அதற்காக ஆங்கிலத்தை அந்நியம் என்று ஒதுக்கச் சொல்பவர்களோடு நான் சேரவில்லை. உஸ்மானியாவில் பேராசிரியராக இருந்த காஞ்சா ஐலையா பல வருடமாக ஒரு கேள்வி கேட்டுவருகிறார்: தாய்மொழிக் கல்வியின் பெருமையைப் பேசுகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? பதில் சொல்ல முடியாத கேள்வி. ஹைதராபாத் அமீர்பேட்டையில் கோச்சிங் போர்டுகளுக்குக் கீழே ஃபைலோடு நடக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சோறு சம்பந்தப்பட்ட விஷயம். அவர்களுக்கு மொழி வேண்டும், நிறைய வேண்டும். கூடவே வரும் அவமானம்தான் வேண்டாம்.

இந்த இடத்தில் வி.கே. கோகாக் ஞாபகம் வருகிறார். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் படித்தவர், ஹைதராபாத்தின் இந்த நிறுவனத்துக்குத் தொடக்க காலத்தில் இயக்குநராக இருந்தவர். ‘விநாயக’ என்ற பெயரில் கன்னடத்தில் கவிதை எழுதினார். 1990ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே 1980இல் கர்நாடக அரசு பள்ளிகளில் மொழிப்பாடம் பற்றி ஆராய அவர் தலைமையில் குழு அமைத்தது. உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே முதல் மொழியாக இருக்க வேண்டும் என்று குழு சொன்னது. அதை நிறைவேற்றக் கோரி நடிகர் ராஜ்குமார் தெருவில் இறங்க, 1982இல் கர்நாடகமே திரண்டது. ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்தவர் இப்படிப் பரிந்துரைக்கலாமா என்று கேட்டால், வேறு யார் செய்திருக்க முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தை வைத்துத் தன்னை யாரென்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை.