கடிகை மலையில் விடியற்காலம்

ஸ்ரீ:

தொண்டை நாட்டுத் திவ்யதேசங்களுள் திருக்கடிகை தனிப்பெருமை வாய்ந்தது. சோளிங்கர் என்று இன்று வழங்கும் இவ்வூர் இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தருளிய இத்தலத்தில், பெரிய மலையின் உச்சியில் எம்பெருமான் யோக நரஸிம்ஹனாக, அமிருதவல்லித் தாயாருடன் எழுந்தருளியுள்ளான். சிறிய மலையிலோ நான்கு திருக்கரங்களுடன், சங்க சக்கரங்களைத் தாங்கி, ஆஞ்சநேயர் யோகத்தில் அமர்ந்திருக்கிறார். பெரிய மலைக்கு 1305 படிகள். சிறிய மலைக்கு 406 படிகள். உத்ஸவரான பக்தோசிதப் பெருமாள் ஊரின் நடுவே திருக்கோயில் கொண்டுள்ளார்.

ஆண்டில் பதினொரு மாதம் யோகத்தில் ஆழ்ந்திருக்கும் நரஸிம்ஹன், கார்த்திகை மாதத்தில் திருக்கண் மலர்ந்து அடியார்களைக் கடாக்ஷிக்கிறான் என்பது தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை. ஆகவே கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் அடியார் கூட்டம் அலைமோதுகிறது. பொழுது புலருமுன்னரே மலையடிவாரத்தில் கோவிந்த நாமம் ஒலிக்கிறது. வெயில் ஏறினால் பாறை சுடும். குளிர்ந்த வேளையில் ஏறினால் மூச்சு வாங்காது. உச்சியில் நின்று சூரியோதயத்தைக் காண வேண்டும் என்ற ஆவலும் பலருக்கு உண்டு. இவ்வாவல் தவறன்று. ஆயினும் அந்த உதயம் எதைக் காட்டுகிறது என்பதை அறிந்து ஏறுவது சிறப்பு.

சூரிய மண்டலத்தின் நடுவே பொன்மயமான புருஷன் விளங்குகிறான் என்றும், அவன் திருக்கண்கள் தாமரை போன்றவை என்றும் சாந்தோக்ய உபநிஷத் உரைக்கிறது. அத்தாமரைக்கு அடைமொழியாக வரும் 'கப்யாஸம்' என்ற சொல்லுக்கு, யாதவப்பிரகாசர் குரங்கோடு தொடர்புபடுத்தித் தகாத பொருள் கூறினார். அப்போது அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இளைய மாணாக்கரான இராமாநுசர் மனம் பொறாது கண்ணீர் வடித்தார். அக்கண்ணீர் ஆசிரியரின் தொடையில் அனல் போல் விழுந்தது. காரணம் வினவியபோது, சூரியனது கிரணங்களால் மலர்த்தப்பட்ட செந்தாமரை என்பதே பொருள் என்று இராமாநுசர் விளக்கினார். எம்பெருமானுடைய திருக்கண்களுக்கு ஓர் இழிவான உவமை வருவதைக்கூட அவர் உள்ளம் தாங்கவில்லை. கடிகை மலையில் கிழக்கு வெளுப்பதைக் காணும் அடியான் இவ்வரலாற்றை நினைப்பானாக. கீழே குளத்தில் தாமரை மலர்கிறது. மேலே ஸந்நிதியில் திருக்கண் மலர்கிறது. இரண்டாவது மலர்ச்சியைக் காணவே மலை ஏறுவது.

பொழுதைப் பற்றிய மற்றொரு நயமும் உண்டு. பகலிலும் இரவிலும் தனக்கு மரணம் கூடாது என்று வரம் பெற்றான் இரணியன். எம்பெருமான் அவ்வரத்தை மீறாமல், பகலும் இரவும் சந்திக்கும் அந்திப்பொழுதைத் தேர்ந்து தூணிலிருந்து தோன்றினான். விடியற்காலமும் அத்தகைய சந்திப்பொழுதே. அகந்தையை அழிக்க மாலைச் சந்தியில் வந்தவனை, அகந்தை அழிய வேண்டி அடியார்கள் காலைச் சந்தியில் நாடிச் செல்கின்றனர்.

அகந்தை மலைப்படியிலும் உடன் ஏறக்கூடியது. ஒரு தாயும் மகனும் இருளில் ஏறத் தொடங்குகின்றனர் என்று வைத்துக்கொள்ளலாம். உதயத்துக்குள் உச்சியை அடைய வேண்டுமென்பது மகனின் உறுதி. பாதி வழியில் தாய்க்கு முழங்கால் தளர்கிறது. "நீ போய் ஸேவித்துவிட்டு வா, அப்பா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்கிறாள். மேலே வானம் வெளுக்கிறது. பின்னால் வந்தவர்கள் அவர்களைக் கடந்து போகின்றனர். கைத்தடியைத் தாயின் கையில் கொடுத்து, குரங்கு வந்தால் ஓட்டிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, அவன் தனியே ஏறிவிடலாம். தாயே விடை கொடுத்தும்விட்டாள். அப்படி ஏறினால் உதயம் கிட்டும். ஆனால் எவனைக் காண ஏறுகிறானோ, அவன் திருவுள்ளம் உகக்குமா?

இதற்கு விடையைத் தொட்டாசாரியார் வரலாறு தருகிறது. சோளிங்கரில் வாழ்ந்த அந்த மஹான், காஞ்சி வரதனின் வைகாசிப் பிரம்மோத்ஸவ கருட ஸேவையை ஆண்டுதோறும் சென்று ஸேவிப்பவர். ஓராண்டு செல்ல இயலவில்லை. கருட ஸேவை நாளின் விடியலில் இவ்வூர்த் தக்கான் குளத்தில் நீராடி, வரதனை நினைந்து உருகி நின்றார். வரதன் கருடாரூடனாய் அங்கேயே காட்சி தந்தான். அந்த அநுபவத்தில் பிறந்ததே தேவராஜ பஞ்சகம். காஞ்சியில் இன்றும் மூன்றாம் நாள் அதிகாலையில், கோபுர வாசலில் திருக்குடைகளால் பெருமாளை ஒரு கணம் மறைக்கின்றனர், அக்கணம் தொட்டாசாரியாருக்குரியது. செல்ல முடியாத ஒருவருக்காக, வந்திருக்கும் ஆயிரவர் காத்து நிற்கின்றனர்!

அங்ஙனமாயின் மலை ஏறுவது எதற்கு என்று வினவலாம். ஏறுகிறோம் என்பதற்காகச் சூரியன் உதிப்பதில்லை. உறங்குகிறோம் என்பதற்காக உதிக்காமல் இருப்பதுமில்லை. அவ்வாறே எம்பெருமானின் கிருபை நம் கால்வலிக்குக் கொடுக்கப்படும் கூலி அன்று. ஏறுவது விலையன்று, ஆசையின் வெளிப்பாடு. குழந்தை தாயை நோக்கித் தவழ்ந்து போவது தாயன்பை விலைக்கு வாங்குவதற்கன்று. இருக்க முடியாமையால் போகிறது. கால் உள்ளவர் காலால் ஏறட்டும். இயலாதவர்க்கு 2024-ஆம் ஆண்டு முதல் கம்பிவட ஊர்தி உள்ளது. அதுவும் கூடாதவர் ஊரிலுள்ள பக்தோசிதனை ஸேவித்து, மலையை நோக்கிக் கைகூப்பட்டும். மூவருக்கும் கடாக்ஷம் ஒன்றே.

அந்த மகன் தாயின் அருகே படியில் அமர்கிறான். இருவர் முகத்திலும் இளவெயில் படுகிறது. தாய் கைகூப்புகிறாள், அவள் கண்ணீரைக் கண்ட மகன், உச்சியில் தனியே நின்று காண இருந்ததை இங்கேயே கண்டுவிட்டதை உணர்கிறான். பிறகு படிக்குப் படி நின்று, அவளைத் தாங்கி ஏறுகிறான். ஸந்நிதியை அடையும்போது வெயில் ஏறிவிட்டது. திருக்கண்களோ அவர்களுக்காகவே திறந்திருப்பன போல் விளங்குகின்றன.

ஒரு கடிகைப் போது, அதாவது 24 நிமிடம், இம்மலையில் நரஸிம்ஹனைச் சிந்தித்திருந்தாலே வீடுபேறு கிட்டும் என்பர் பெரியோர். நாளின் 60 நாழிகையில் அவன் கேட்பது ஒன்றே. விரைந்து ஏறி, கைப்பேசியில் உதயத்தைப் படம் பிடித்து, விரைந்து இறங்குபவர் அந்த ஒன்றை இழக்கின்றனர். தாமதமாக வந்தாலும் அமர்ந்து சிந்திப்பவர் அதைப் பெறுகின்றனர்.

இத்திருவிழாவுக்கு வந்துள்ள பாகவதர்கள், உடன் ஏறுவோரில் தளர்ந்தவர்க்குத் தோள் கொடுத்து, ஸந்நிதியில் ஒரு கடிகை அமர்ந்து, அமிருதவல்லி ஸமேத யோக நரஸிம்ஹனின் கடாக்ஷத்தால் இருள் நீங்கி வாழ்வார்களாக!

சுபம்